முகத்துக்கு வந்து போனவள்

தேக்கா மார்க்கெட்டில் அம்மியில் அரைத்த ஈர மசாலா விற்றுக்கொண்டிருந்த பதுருன்னிசாவுக்கு முதன்முதலாக முகம் சிவந்தது 1957ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில். நோன்பு திறந்து, கஞ்சியில் இரண்டு வாய்தான் குடித்திருப்பாள். கழுத்திலிருந்து ஒரு சூடு கிளம்பிக் காது மடல் வரைக்கும் ஏறியது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது. நாலைந்து நிமிடத்தில் வந்த சுவடு தெரியாமல் அடங்கியும் போனது. பகல் முழுக்க மிளகாய் அரைக்கிறவளுக்கு முகம் காந்தாமல் என்ன செய்யும் என்றார்கள் வீட்டில். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

ஆனால் மிளகாயைத் தொடாத நாளிலும் அது வந்தது. பெரும்பாலும் சாப்பிட உட்கார்ந்தால் வந்தது. கூடவே வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது.

ஒரு மத்தியானம் பஃபலோ ரோட்டு மாடி அறையில் கணவர் அஹமது கபீரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முகம் குப்பென்று சிவந்து உப்பியது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் மனிதர் அவர். எதற்கும் அசைந்து கொடுக்காதவர். பிசைந்த சோற்றைக் கையில் வைத்தபடியே அவளைப் பார்த்தவர், "ஆயிஷா" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மீதியைச் சாப்பிட்டு முடித்தார்.

ஆயிஷா அவருடைய முதல் மனைவி. பதுருன்னிசாவின் கூடப்பிறந்த அக்கா. கடையநல்லூரிலிருந்து சின்ன வயதிலேயே கப்பலேறி வந்த இரண்டு பெண்களில் அக்காதான் நல்ல சிவப்பு. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், 1944இல், காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். இரண்டு வயதுக் குழந்தை ரபியாவை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. சண்டை ஓய்ந்ததும் பெரியவர்கள் கூடிப் பேசித் தங்கையை அக்கா வீட்டுக்காரருக்கே நிக்காஹ் செய்துவைத்தார்கள். பதுருன்னிசாவுக்குச் சொந்தமாகப் பிள்ளை இல்லை. ரபியா அவளைச் சின்னம்மா என்றே கூப்பிட்டு வளர்ந்தாள்.

கணவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்த பிறகு, அடுத்த தடவை முகம் சிவந்தபோது அவள் கண்ணாடியின் முன்னால் போய் நின்றாள். உப்பிய கன்னம், நீர் கோத்த கண். காய்ச்சலில் கிடந்த அக்கா அப்படியே கண்ணாடிக்குள் நின்றாள்.

அவளுக்குக் காரணம் தெரிந்துபோயிற்று. அக்கா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது கொஞ்சம் இனிப்புத் தேத்தண்ணி கேட்டாள். வீட்டில் மூன்று நாளாக அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறெதுவும் இல்லை. எலுமிச்சை அளவு பனைவெல்லம் மட்டும் பதுருன்னிசாவிடம் இருந்தது. அவள் அதை முந்தானையில் முடிந்துவைத்திருந்தாள். "சீனி இல்லக்கா" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் அவள் ஒருத்தியாகவே தின்றாள். மூன்றாம் நாள் அக்கா கண்ணை மூடினாள். பதின்மூன்று வருடமாக இதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை.

இப்போது தின்னும்போதெல்லாம் அக்கா வருகிறாள்; தின்றது எதையும் உள்ளே தங்கவிடுவதில்லை. பதுருன்னிசா தின்பதைக் குறைத்தாள். ஆள் பாதியாக இளைத்தாள். அக்கம்பக்கத்தில் ஜின் பிடித்திருக்கிறது என்றார்கள். வழக்கமாக மீனுக்கு மசாலா வாங்கும் ஒருத்தி, இவள் கைப்பட்டது வேண்டாமென்று வேறு கடைக்குப் போனாள். தண்ணீர் ஓதிக் கொடுத்த லெப்பையே இரண்டு மாதம் பார்த்துவிட்டு, இது ஜின் வேலை மாதிரித் தெரியவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார். ஒரு கிளினிக்கில் நரம்புத் தளர்ச்சி என்றார்கள். இன்னொன்றில் மாதவிலக்கு நிற்கிற காலம் என்றார்கள். அப்போது அவளுக்கு வயது முப்பத்து மூன்று.

1961இல், பக்கத்தில் வெற்றிலைக் கடை போட்டிருந்த பூவம்மாதான் விடாப்பிடியாக அவளைக் கையைப் பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். "பேயோ பிசாசோ, டாக்டரும் ஒரு தரம் பாக்கட்டும் லா" என்றாள். அங்கே இருந்தவர் நடேசபிள்ளை என்ற யாழ்ப்பாணத்து டாக்டர். அவர் அவளைப் படுக்கவைத்து அடிவயிற்றின் வலப்பக்கத்தை அமுக்கினார். உடனே முகம் சிவந்தது. கையை எடுத்துவிட்டு, அடங்கும்வரை காத்திருந்து மறுபடி அமுக்கினார். மறுபடியும் சிவந்தது.

"அக்காவ அமுக்காதீங்க" என்றாள் பதுருன்னிசா.

"ஆர் அக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

வாழைப்பழம் தின்றால் பரிசோதனை பிசகும், மூன்று நாள் தொடக்கூடாது என்று சொல்லி, பிறகு ஒரு முழு நாளின் சிறுநீரைப் போத்தலில் பிடித்துத் தரச் சொன்னார்கள். முடிவு வந்ததும் டாக்டர் கணவனையும் மனைவியையும் உட்காரவைத்துப் பேசினார்.

"உங்கட சினைப்பையில ஒரு கட்டி இருக்கு. அது ஒரு சரக்கை ரத்தத்துக்குள்ள விடுது. குடலில இப்பிடிக் கட்டி வந்தால் அந்தச் சரக்கை ஈரல் அழிச்சுப்போடும். சினைப்பை ரத்தம் ஈரலுக்குப் போகாமல் நேர இதயத்துக்குப் போகுது. அதாலதான் முகம் சிவக்குது. நான் இதைப் புத்தகத்திலதான் வாசிச்சிருக்கிறன். கண்ணால காணுறது இதுதான் முதல்."

எத்தனை நாளாக உள்ளே இருக்கிறது என்று அவள் கேட்டாள். மெதுவாக வளர்கிற சாதி, பல வருடமாகவும் இருக்கலாம் என்றார் அவர். அந்தப் பதில் அவளுக்கு ஆறுதலாக இல்லை. அக்கா எங்கே குடியிருக்கிறாள் என்று இடம் காட்டியதைப் போலத்தான் இருந்தது.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் ரபியா வார்டுக்கு வந்தாள். பத்தொன்பது வயது, தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சின்னம்மாவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது பதுருன்னிசா பனைவெல்லக் கதையை ஒன்று விடாமல் சொன்னாள். ரபியாவின் கை நின்றது.

"உங்களுக்கு அப்ப என்ன வயசு?"

"பதினேழு."

"பசிச்சுச்சா?"

"பசிச்சுச்சு."

ரபியா மறுபடி வாரத் தொடங்கினாள். பின்னலை முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"எனக்கு அம்மா மூஞ்சி ஞாபகமே இல்ல சின்னம்மா. ஒரு போட்டோகூட இல்ல. அத்தா அன்னைக்கு அம்மா பேரச் சொன்னாருல்ல, என் காதுலயும் விழுந்துச்சு, அதுலேர்ந்து உங்களுக்குச் செவக்கும்போதெல்லாம் நான் திருட்டுத்தனமா பாப்பேன்."

பதுருன்னிசா நாலு வருடமாக எதைக் கண்டு நடுங்கினாளோ, அதற்காக ஒருத்தி அதே வீட்டில் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வயிற்றை அமுக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள் நர்ஸ் எங்கே நிற்கிறாள் என்று பார்த்துக்கொண்டாள். ரபியாவை எதிரில் உட்காரச் சொன்னாள். போர்வைக்குள் கையை விட்டு, டாக்டர் தொட்ட இடத்தை அழுத்தினாள்.

சூடு ஏறியது. முகம் உப்பிச் சிவந்தது. கண் நிறைந்தது.

"பாத்துக்க" என்றாள்.

ரபியா கண்ணிமைக்காமல் பார்த்தாள். அது அடங்குகிற வரைக்கும் பார்த்தாள்.

மறுநாள் கட்டியை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு ஒருநாளும் முகம் சிவக்கவில்லை. வயிறும் சரியானது. பதுருன்னிசா கறியும் மீனும் சாப்பிட்டு உடம்பு தேறினாள். போன வாடிக்கைகள் திரும்ப வந்தார்கள். ஜின் இறங்கிவிட்டதென்று அக்கம்பக்கத்தார் சந்தோஷப்பட்டார்கள். அவளுக்கு மட்டும் சோறு தொண்டைக்குள் இறங்கும் நேரமெல்லாம் கழுத்தோரம் எதையோ எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது. கட்டி திரும்ப வராது என்று டாக்டர் உறுதியாகச் சொன்ன அன்று, அதை வீட்டில் துக்கச் செய்தி சொல்வதுபோலச் சொன்னாள். அஹமது கபீர் எழுந்து போய்க் கை கழுவினார்.

கட்டி போனாலும் அது நெஞ்சில் செய்துவைத்த காரியம் போகவில்லை. இதயத்தின் வலப்பக்க வால்வு தடித்துவிட்டது, அதற்கு வைத்தியம் இல்லை என்றார் டாக்டர். இரண்டு வருடத்தில் கால் வீங்கத் தொடங்கியது. குழவியைத் தள்ள முடியவில்லை. கடையை விட்டாள்.

1964இல் டாக்டர் நடேசபிள்ளை ஒரு வைத்தியப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். அவளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்; பெயர் போடவில்லை. ரபியா அதைத் தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னாள். முப்பத்து நாலு வயது இந்தியப் பெண்மணி, நாலு வருடமாக முகச் சிவப்பு, கட்டி ஆரஞ்சுப் பழ அளவு. ஒரு சகோதரி யுத்த காலத்தில் காய்ச்சலில் இறந்தவர். இந்நோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை.

"அவருக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றாள் பதுருன்னிசா.

கடைசி இரண்டு வருடம் குவீன்ஸ்டவுனில் ரபியாவின் அடுக்குமாடி வீட்டில் இருந்தாள். வயிறு வரைக்கும் நீர் கோத்துக்கொண்டது. 1967 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் போன ஆண்கள் திரும்புமுன் உயிர் பிரிந்தது. பிடாடாரி கபுறுஸ்தானில் அடக்கினார்கள். ஆயிஷாவின் கபுறு எந்த வரிசையில் இருக்கிறதென்று அஹமது கபீர் அங்கே வெயிலில் நெடுநேரம் தேடிப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை.