எறிந்தால் என்ன ஆகும்

உடைப்புக் கிடங்கில் அவளுக்குப் பெயர் சம்மட்டியக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஊரார் தூக்கிப் போட்ட வீட்டுச் சாமான்களெல்லாம் லாரியில் வந்து அந்தக் கிடங்கின் சிமென்ட் தரையில் குவியும். வாளி, மிக்சி, மின்விசிறி, தலையில்லாத பொம்மை, ஃபில்டர் ஜக்கு என்று எல்லாம் வரும். ஒவ்வொன்றையும் இரும்புப் பலகையில் வைத்து அடித்துப் பிளந்து, இரும்பை ஒரு பக்கம், கண்ணாடியை ஒரு பக்கம், பிளாஸ்டிக்கை நாலு இனமாகப் பிரித்து நாலு பக்கம் போட வேண்டும். இருபத்தேழு வருஷமாக அதுதான் அவள் பிழைப்பு.

சும்மா அடிக்கிறவள் இல்லை. நகத்தால் ஒரு சுண்டு சுண்டி, காதைக் கொடுத்துக் கேட்பாள். 'டிங்' என்றால் இது கத்தியாகச் சிதறும், முகத்தைத் திருப்பிக்கொள். 'தொப்' என்றால் இது நெளியும், பயமில்லை. எந்த இடத்தில் ஒரு தட்டுத் தட்டினால் எது மட்டும் கழன்று விழும் என்பது அவள் கைக்கு மனப்பாடம். ஒருமுறை மேற்பார்வையாளன் ஒருத்தன் பக்கத்தில் குனிந்திருந்த பெண்ணின் இடுப்பில் கை வைத்தான். சம்மட்டியக்கா அவன் செருப்பின் நுனிக்கும் கால் கட்டைவிரலுக்கும் நடுவே ஒரு போடு போட்டாள். செருப்பு போயிற்று, விரல் பிழைத்தது. அன்றிலிருந்து அந்தக் கிடங்கில் எவனும் கையை வீசி நடப்பதில்லை.

வெளியில் புலி, வீட்டில் எலி என்பார்களே, அது அவளைப் பார்த்துச் சொன்னதுதான்.

அவள் புருஷன் கைக்குக் கிடைத்ததை எறிகிறவன். தட்டு, செருப்பு, கடிகாரம், ஒருநாள் அலமாரிக் கதவே. கண்ணாடிக் கூஜா ஒன்று அவள் தலையில் பட்டு உடைந்து, உச்சிக்குப் பின்னால் இன்றைக்கும் முடி முளைக்காத ஒரு கோடு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கேட்டபோதெல்லாம் அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: குளியலறையில் வழுக்கி விழுந்துட்டேன். அந்த வீட்டில் குளியலறையே கிடையாது, தகரம் மறைத்த ஒரு மூலைதான். அதில் பதினோரு தடவை வழுக்கினாள். ஆனைக்கும் அடி சறுக்கும், சரி. ஒரே ஆனைக்குப் பதினோரு தடவையா? கேட்டவர்களும் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒருத்தி போதாது, பரிமாறுகிறவர்களும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் அக்கம்பக்கம் பார்ப்பதற்குள் சிதறியதைப் பெருக்கி அள்ளிவிடுவாள். ஆறு வயது மகன் கட்டிலுக்கடியிலிருந்து துடைப்பத்தை நீட்டுவான். பெருக்கக் கற்றுக்கொண்ட அதே வீட்டில்தான் அவன் எறியவும் கற்றுக்கொண்டான்.

புருஷன் நெஞ்சு அடைத்துச் செத்தான். அவள் அழுதாள். அழுகைக்கு நடுவே இனி சாமான் உடையாது என்று ஒரு நிம்மதி வந்தது. அதற்காகத் தன்னையே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது. நிம்மதி ஏழு வருஷம் நீடித்தது. மகனுக்குக் கல்யாணம் ஆகி நாலாம் மாதம் முதல் தட்டு சுவரில் மோதியது.

மருமகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். ஒல்லி, வாய் மட்டும் ஒல்லியில்லை. குழாய்த் தண்ணீரில் துரு நாற்றம் என்று மகன் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் வாங்கிப் போட்டபோது, மாமியாரும் மருமகளும் முதல்முறையாக ஒரே கட்சியில் நின்றார்கள். "ஊரு குடிச்ச பாட்டிலை நாள் பூரா மிதிச்சுத்தான் கால் மரத்துப்போச்சு. நம்ம வீட்டுப் பாட்டிலையும் நானே மிதிக்கணுமாடா?" என்றாள் சம்மட்டியக்கா. மருமகள் ஒரு ஃபில்டர் ஜக்கு வாங்கி வந்தாள். மேல் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினால், கரி அடைத்த குப்பி வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும்.

அந்தச் சொட்டுதான் வினையாயிற்று. டயர் கடையில் நாளெல்லாம் இரும்புச் சட்டம் தூக்கிய மகன் தாகத்தோடு வந்தான். ஜக்கில் அரை டம்ளர்கூட இறங்கவில்லை. "ஒரு வாய் தண்ணிக்கு நான் காத்துக் கெடக்கணுமாடீ?" என்று தூக்கி அடித்தான். பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்த மலிவுப் பிளாஸ்டிக், 'டிங்' இனம். சிதறிய ஒரு துண்டு மருமகளின் வலது புருவத்தைக் கிழித்தது. இன்னும் ஒரு விரல் கீழே என்றால் கண்.

மூன்று தையல். தையல் போட்ட நர்ஸ் எப்படி ஆச்சு என்று கேட்டாள். மருமகள் வாயைத் திறப்பதற்குள் சம்மட்டியக்கா முந்திக்கொண்டாள்.

"குளியலறையில வழுக்கிட்டாம்மா."

மருமகள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கண்ணால்தான். மற்றதைப் பஞ்சு மூடியிருந்தது.

அதற்குப் பத்தாம் நாள், மாமியாருக்கும் மருமகளுக்கும் விடுமுறையான காலையில், இருவரும் புது ஜக்கு வாங்கக் கடைக்குப் போனார்கள். சம்மட்டியக்கா பத்து நாளும் அதைப் பற்றியேதான் யோசித்திருந்தாள். மகனைத் திருத்த அவளுக்குத் தெரியாது. சாமானைப் பற்றித் தெரியும். இனி இந்தப் பெண்ணின் கண்ணுக்கு எதுவும் வரக்கூடாது, அதற்குத் தோதான ஜக்கு ஒன்று உலகத்தில் இல்லாமலா போகும்?

மூக்குக்கண்ணாடி போட்ட கடைக்காரர் ஏழெட்டு ஜக்குகளை வரிசையாக வைத்தார். "எல்லாமே பசுமைப் பொருள்தாங்க. இதைப் பாருங்க, பெட்டியிலயே இலை படம் போட்டிருக்கு."

"இலை போட்டா ஆச்சா? பெயிண்ட் டப்பாவுலகூடத்தான் பூ போட்டிருக்கான்." சம்மட்டியக்கா அந்த ஜக்கின் கரிக்குப்பியை வெளியே எடுத்துத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை. "பாருங்க, பசை போட்டு ஒட்டிட்டான். ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு குப்பைக்குப் போகும். எங்க கிடங்குல இதை உடைக்கப் போயி ஒருத்திக்கு விரலே போச்சு. ஒட்டினதைப் பிரிக்க முடியாது, பிரிக்காததை உருக்க முடியாது. இதுவா பசுமை?"

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இன்னொன்றின் குப்பி திருகினதும் திறந்தது. உள்ளே இருக்கும் கரியைக் கொட்டிவிட்டுப் புதுக் கரி போட்டுக்கொள்ளலாம், குப்பி வருஷக்கணக்கில் உழைக்கும். "இது நல்ல பிள்ளை" என்றாள். அந்தக் குப்பி மூன்று ஜக்குகளுக்குப் பொருந்தியது: ஒன்று கெட்டிக் கண்ணாடி, ஒன்று எவர்சில்வர், ஒன்று பால் நிறத்தில் மெத்தென்ற பிளாஸ்டிக். மூன்றையும் சுண்டினாள். தூக்கி எடை பார்த்தாள். எவர்சில்வரின் கழுத்தைப் பிடித்துக் காதுக்கு மேலே ஓங்கிப் பார்த்தாள். கடைக்காரர் ஒரு எட்டுப் பின்வாங்கினார்.

"இதைத் தூக்கி எறிஞ்சா என்ன ஆகும்?"

"எறிஞ்சாவா? ஜக்கை எதுக்கும்மா எறியணும்?"

"கேட்டதுக்குச் சொல்லுங்க. உடையாது, சரி. மண்டையில பட்டா?" அவளே பதிலும் சொன்னாள். "மண்டை போயிடும். வேண்டாம். கண்ணாடி சிதறும், அதுவும் வேண்டாம்." பால் நிற ஜக்கைக் கட்டைவிரலால் அழுத்தினாள். 'தொப்.' முகம் மலர்ந்தது. "அம்மாடி, இதுதான். லேசு. சுவத்துல அடிச்சா நெளியும், தெறிக்காது. மேல பட்டாலும் ரெண்டு நாள் வீங்கும், அவ்வளவுதான்."

மருமகளின் புருவத்தில் தையல் பிரித்த தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"அத்தை, தண்ணி குடிக்க ஜக்கு பாக்குறீங்களா, உங்க பையன் என்னை அடிக்க வாகா ஒண்ணு பாக்குறீங்களா?"

சம்மட்டியக்கா குனிந்து ஜக்கைப் பார்த்தாள். பத்து நாள் யோசனை, இருபத்தேழு வருஷ அனுபவம், எல்லாம் கையில் அந்த மெத்தென்ற ஜக்காக இருந்தது. ஐயோ, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது.

"எனக்குக் கண்ணாடிதான் வேணும்" என்றாள் மருமகள். "நான் பொறந்த வீட்டுல கண்ணாடி ஜக்குதான், பதினஞ்சு வருஷமா அப்படியே இருக்கு. ஒருத்தரும் எறியலை. இது உடையக்கூடாதுன்னா அவரு எறியக்கூடாது. அதை அவருகிட்ட நீங்க சொல்லுங்க. சொல்ல முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க அத்தை, நான் இப்படியே எங்க அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிடறேன். அடுத்த தடவை எனக்குக் கண்ணு போச்சுன்னா, அதையும் வழுக்கிட்டான்னுதானே சொல்வீங்க?"

"சொல்றேன்" என்றாள் சம்மட்டியக்கா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவை சொன்னாள். கண்ணாடி ஜக்கைத் துணிப்பையில் வைத்து, வழியெல்லாம் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

மகன் மத்தியானம் வந்தான். டயர் கடையில் யாரோடோ சண்டை, சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. மேஜையில் ஜக்கு நிரம்பியிருந்தது, தண்ணீர் பளிங்காக இருந்தது. அது அவனுக்கு இன்னும் எரிச்சல்.

"சொன்னா கேக்க மாட்டீங்க, இல்ல? மறுபடியும் இந்தச் சொட்டுச் சனியனா?"

"டேய், அது நிறைஞ்சுதான் இருக்கு. குடி" என்றாள் அம்மா. "குடிச்சிட்டு உக்காரு. உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"என்ன பேசணும்? இவ சொல்லிக் கொடுத்தாளா?" அவன் ஜக்கின் பிடியைப் பிடித்தான். மருமகள் அடுப்பருகே நின்றாள். இரண்டு பக்கமும் சுவர், நகர இடமில்லை. "பத்து நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கா. இன்னொரு புருவமும் கிழியணுமாடீ?"

"கீழ வைடா."

"நீ சும்மா இரும்மா. நீ பாக்காததா? உனக்குத்தான் பழக்கமாச்சே."

சம்மட்டியக்காவின் வேலைப்பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. சின்னச் சுத்தியல் அதில்தான் இருக்கும். எப்போது எடுத்தாள் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அவன் கை தலைக்கு மேலே போய், ஜக்கு சாய்ந்து, தண்ணீர் அவன் தோளில் வழிந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மணிக்கட்டுக்கு இரண்டு விரல் மேலே, வெளிப்பக்கம். ஒரே அடி. எத்தனையோ பொருளின் சத்தம் தெரிந்தவளுக்கு எலும்பின் சத்தம் புதிது.

ஜக்கு தரையில் விழுந்து சிதறியது. அவன் மண்டி போட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று அலறினான். கட்டிலுக்கடியில் கிடந்தபோது அழுத அதே குரல். பெற்ற வயிறு இல்லையா? ஓடிப்போய் அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டாள். அவள் கையில் சுத்தியல் அப்படியே இருந்தது.

மருமகள் துடைப்பத்தை எடுத்தாள்.

"தொடாதே" என்றாள் சம்மட்டியக்கா. "கதவைத் தெறந்து வை. கெடக்கட்டும். பாக்கறவங்க பாக்கட்டும்."

அந்தக் கண்ணாடிக்கு நடுவே கரிக்குப்பி மட்டும் கீறலில்லாமல் உருண்டு கிடந்தது. மகனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது மருமகள் அதைக் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ். மகனின் கையைப் பலகை வைத்துக் கட்டிவிட்டு, நோட்டைத் திறந்தாள். எப்படி ஆச்சு என்றாள். முகம் வெளுத்து உட்கார்ந்திருந்த மகன், அம்மாவைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு, மெல்ல ஆரம்பித்தான்.

"குளியலறையில வழுக்கி..."

"இல்லம்மா" என்றாள் சம்மட்டியக்கா. "நான்தான் அடிச்சேன். சுத்தியலால. இவன் பொண்டாட்டி மேல ஜக்கை ஓங்கினான், அதான் அடிச்சேன். பத்து நாளைக்கு முன்னால இவ புருவத்தைக் கிழிச்சதும் இவன்தான். நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன். அதை மாத்தி எழுதுங்க."

நர்ஸ் பேனாவைப் பிடித்தபடி அவளையே பார்த்தாள். "இதை எழுதினா போலீசு வரும்மா. உங்களையும் கேப்பாங்க."

"வரட்டும். கேட்டா சொல்றேன்." மருமகள் பக்கத்தில் வந்து அவள் கையைப் பற்றிக்கொண்டாள். சம்மட்டியக்கா குனிந்து, உச்சிக்குப் பின்னால் முடியை விலக்கி, அந்தக் கோட்டை நர்ஸிடம் காட்டினாள்.

"இதுவும் வழுக்கினது இல்லம்மா. இந்த மாதிரி பதினொண்ணு இருக்கு. பழசை எழுத உங்க நோட்டுல இடம் இருக்கா?"