இரண்டு உலைக்கு ஒரு லேடில்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழையும் வரும். படிக்கிற பிள்ளைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில், கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் பட்டறை ஒன்றில் கிரேன் ஓட்டினேன். உலை இரண்டு. உருகிய இரும்பைப் பிடித்துக் கொண்டுபோகும் பெரிய வாளியை லேடில் என்போம். அது ஒன்றுதான். கிரேனும் ஒன்றுதான்.

முதல் உலைக்கு மேஸ்திரி புதுவாயல் செல்வராஜ் அண்ணன். அவர் கிரேனைப் பிடித்துவைத்த பிறகுதான் லேடிலைக் கேட்பார். இரண்டாம் உலைக்குப் பழவேற்காடு காதர் பாய். அவர் முதலில் லேடிலை எடுத்துச் சூடேற்றிக்கொண்டு, பிறகு கிரேனைக் கூப்பிடுவார். இரண்டு உலையும் ஒன்றாகத் தயாரானால் முட்டிக்கொள்ளும். கொஞ்சம் கத்துவார்கள். பிறகு ஒருவர் கையுறையைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்குவார். விட்டுக்கொடுத்தேன் என்று அர்த்தம். மற்றவர் அவருக்கு டீயும் வடையும் வாங்கித் தர வேண்டும்.

"இன்னா பாய், ஓசி நாஷ்டாவுக்குத்தான கைய தூக்கற?"

"உன் காசுல துன்னா ருசியே தனி நைனா."

மேடம் வந்தார்

பட்டறை வேலையைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காகச் சென்னையிலிருந்து தினமும் ரயிலில் நித்யா மேடம் வந்தார். இனி உலை தயாரானதும் பட்டனை அமுக்கினால் போதும். கிரேனும் லேடிலும் யாருக்கு என்று கம்ப்யூட்டரே பச்சை விளக்கு போடும். ஒரு உலைக்கு ஒன்று வந்து சேர்ந்த பிறகுதான் அதற்கு அடுத்ததைக் கேட்கும். பச்சை இல்லாமல் கிரேன் நகராது, லேடில் ஸ்டாண்டின் கொக்கி திறக்காது.

மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். "ஒரு தபா இரும்பு உலையில உறைஞ்சுதுன்னா, உன் கம்ப்யூட்டர் பெட்டிய நீயே தூக்கினு போயிடணும் மேடம்."

டீ நேரத்தில் மேடம் எனக்கு விளக்குவார். "சி-ங்கற கம்ப்யூட்டர் மொழியில எழுதறேன் அண்ணா. ஒவ்வொரு உலைக்கும் ஒரு த்ரெட். ஒரே புரோகிராமுக்குள்ள ரெண்டு ஆள் தனித்தனியா வேலை செய்யற மாதிரி. கிரேனுக்கு ஒரு பூட்டு, லேடிலுக்கு ஒரு பூட்டு. மியூடெக்ஸ்னு பேரு. ஒருத்தர் எடுத்துட்டா, அவர் விடற வரைக்கும் இன்னொருத்தர் காத்திருக்கணும். எல்லாம் லைப்ரரியிலயே, அதாவது முன்னாடியே எழுதி வச்ச தொகுப்புல, ரெடியா இருக்கு, நான் கூப்பிட்டா வந்துடும்."

அண்ணன் பக்கத்தில் சில நாள், பாய் பக்கத்தில் சில நாள் நின்று பார்த்து, அவரவர் செய்வதை அப்படியே எழுதினார்.

எல்லாம் நின்றது

சில வாரம் நன்றாக ஓடியது. ஆர்டர் கூடியபோது, ஒரு மத்தியானம் இரண்டு உலையும் ஒன்றாகத் தயாராயின. அண்ணனுக்குக் கிரேன் பச்சை, லேடில் சிவப்பு. பாய்க்கு லேடில் பச்சை, கிரேன் சிவப்பு. அப்படியே நின்றது.

பாய் வழக்கம்போல் கையுறையைத் தூக்கினார்.

"நீ கைய தூக்கனா அதுக்கு இன்னா பாய் தெரியும்? அதுக்கு கண்ணா கீது?" என்றார் அண்ணன்.

யாரும் சிரிக்கவில்லை. உலைக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருந்தால் கொதிக்கும் இரும்பு உள்சுவரை அரிக்கும். குறைத்தால் உறையும். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்து நின்றார்.

என் பக்கத்துத் தூணில் இருந்த போன் அடித்தது. கம்ப்யூட்டர் கேபினிலிருந்து மேடம். "அண்ணா, பாய் த்ரெட் எடுத்த பூட்டை அதுதான் விடணும். அது கிரேனுக்காக நிக்குது. கிரேனை வச்சிருக்கற த்ரெட் லேடிலுக்காக நிக்குது. புரோகிராமையே நிறுத்தி மறுபடி போடறேன். திரும்ப ரெண்டு பேரும் சேர்ந்து அமுக்கினா இதேதான் நடக்கும். பாயை நிறுத்துங்க."

எல்லா விளக்கும் அணைந்தன. பாயின் விரல் பட்டன்மேல் இருந்தது. அந்தப் பட்டறையில் நான் அதுவரை யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை.

"பாய், கைய எடு" என்று கத்தினேன்.

அவர் திரும்பினார். "யாரு, ஏழுமலையா பேசறது?" என்றார். கையை எடுத்துவிட்டார்.

அண்ணன் மட்டும் அமுக்கினார். கிரேன் பச்சை, பிறகு லேடில் பச்சை. அவர் ஊற்றி முடிப்பதற்குள் பாய் உலையில் மேலே ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. அதை உடைத்துவிட்டு ஊற்றினோம்.

"நாளைக்கு ஒரு நாள் டைம்" என்றார் மேனேஜர் மேடத்திடம்.

மேடம் கீழே வந்தார். "ரெண்டு பேரும் ரெண்டு வரிசையில எடுக்கறீங்க. நானும் அப்படியே எழுதிட்டேன். இனிமே ரெண்டு பேருக்கும் கிரேன்தான் முதல்ல, அப்புறம் லேடில்."

"ஒரு பெட்டிக்காவ நான் பழக்கத்த மாத்திக்கணுமாம்மா?" என்றார் பாய்.

"நீங்க விட்டுக்கொடுப்பீங்க பாய். அதுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாதே."

"செரி, மாத்தி எழுதிக்கோ" என்றார் பாய்.

மறுநாள் மேனேஜர் வேண்டுமென்றே இரண்டு உலையையும் ஒன்றாகத் தயார் செய்யச் சொன்னார். மேடம் கேபினை விட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். இருவரும் அமுக்கினார்கள். பாய்க்குக் கிரேன் பச்சை, பிறகு லேடில் பச்சை. அண்ணனுக்கு இரண்டும் சிவப்பு. பாய் ஊற்றி முடித்ததும் அண்ணன் பக்கம் பச்சை வந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காததைப் பார்க்கத்தான் பட்டறையே நின்றுகொண்டிருந்தது.

மேனேஜர், "சாப்ட்டியா மேடம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது வேலையை விட்டுவிட்டு மணவாள நகரில் இருக்கிறேன். அந்தச் சூடும் சத்தமும் இல்லாத பகல்கள் எனக்கு இன்னும் பழகவில்லை. புதிதாக வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல முடிந்தது ஒன்றுதான். பல பேர் சேர்ந்து பல பொருளை எடுக்கும் இடத்தில் எல்லோரும் ஒரே வரிசையில் எடுங்கள். எது முதலில் என்பது முக்கியமில்லை, எல்லோருக்கும் அதுவே முதலாக இருக்க வேண்டும்.

எழுதி முடித்தது: ஆவணி பத்து, ஞாயிற்றுக்கிழமை.