ஒரே அளவு சத்தத்தில் கேட்டால்

வேங்கிக்கால் வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்க இன்று மகளோடு டவுனுக்குப் போனேன். கடையில் புதிய ஜோடி ஒன்றும், யாரோ விற்றுவிட்டுப் போன பழைய மரப்பெட்டி ஜோடி ஒன்றும் இருந்தன.

ஒரே புல்லாங்குழல் பதிவை இரண்டிலும் போடச் சொன்னேன். புதியது கணீரென்று ஒலித்தது. பழையது முனகியது.

“வித்தியாசம் தெரியுதுங்களா சார்?” என்றார் கடைக்காரர்.

என் காதை நானே அதிகம் நம்புவதில்லை. தலையாட்டப் போனேன். அப்போதுதான் கவனித்தேன், பழையதற்கு மாற்றும்போதெல்லாம் அவர் வால்யூமைக் குறைத்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டுக்கும் ஒரே சத்தம் வைங்க” என்றேன்.

“உங்க வயசுக்கு சத்தம் ஜாஸ்தியா இருந்தாதான் சார் நல்லது.”

“பரவால்ல, வைங்க.”

வைத்தார். பழையதில், வாசிப்பவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. புதியதில் அது கேட்கவே இல்லை.

“பெட்டி முன்னாடி துணியெல்லாம் கிழிஞ்சிருக்குப்பா. பாதி ரூமை அடைச்சிக்கும். உங்க மாப்பிள்ளை சிரிக்கப் போறாரு” என்றாள் மகள்.

“சிரிக்கட்டும்மா. ரூம் என்னுது.”

பழையதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறது. என் முடிவு தவறு என்பவர்கள் தாராளமாகக் கீழே எழுதலாம். எல்லாவற்றையும் படிப்பேன், ஸ்பீக்கரை மட்டும் மாற்ற மாட்டேன்.