வேளாங்கண்ணி வழியில் துப்பிய சர்க்கரை

மகனுக்குத் துபாயில் வேலை நிலைத்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்திருந்தேன். நிலைத்தது. தஞ்சாவூரிலிருந்து தெருக்காரர்களோடு நடந்தேன்.

எனக்குச் சுகர் உண்டு. மாத்திரையை ஒருவேளைகூட விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடைசி நாள் ஒருசந்தி விரதம் என்பதால் காலைச் சாப்பாட்டை விட்டேன், மாத்திரையை விடவில்லை. சாப்பிடாவிட்டால் சுகர் ஏறாது, மாத்திரையும் போட்டாச்சு, ரெட்டிப்பு நல்லதுதானே என்று நினைப்பு.

திருவாரூர் தாண்டியதும் உடம்பெல்லாம் வேர்த்துக் கை நடுங்கியது. டீக்கடை வாசலில் நின்ற முன்பின் தெரியாத ஒரு அம்மா என்னைப் பிடித்து உட்கார வைத்தார். "சாப்பிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். கடையில் ஒரு கை சர்க்கரை வாங்கி வாயில் போட்டார். துப்பினேன்.

"எனக்குச் சுகருங்க. கொன்னுடாதீங்க."

"எங்க வீட்டுக்காரருக்கும் சுகர்தான். உங்களுக்கு இப்பக் குறைஞ்சு போச்சு. முழுங்குங்க."

மறுபடி ஊட்டினார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது.

கூட வந்தவர்கள் மாதாதான் காப்பாத்தினாங்க என்றார்கள். நானும் தலையாட்டினேன். சர்க்கரை என்று சொல்ல வாய் வரவில்லை. அது விஷம், காபியில்கூடப் போடாதீங்க என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்ததே நான்தான்.

சாப்பிடாமல் அந்த மாத்திரையைப் போடக்கூடாது என்று டாக்டர் பிறகு விளக்கினார். பாதிதான் புரிந்தது. இப்போது என் பையில் மாத்திரையோடு ஒரு பொட்டலம் சர்க்கரையும் இருக்கிறது. யாராவது வந்தால் மாத்திரையை அல்ல, அதைத்தான் ஒளித்து வைக்கிறேன்.