கூரை இல்லாத ஆண்கள்

கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவில் சுவரோடு சுவர் உரசி நிற்கும் வீடுகள். கல்முனைக்குடியில் ஒரு வீட்டில் மீன் பொரித்தால் அடுத்த வீட்டுக் கொடியில் காயும் துணி மணக்கும். நிலக்கரியும் டீசலும் எரிக்காத மின்சாரத்தை இந்த நகரத்துக்குத் திட்டமிடும் குழுவில் என்னைச் சேர்த்தபோது முதல் சிக்கலே இடம்தான். சோலர் தகடுகளை எங்கே வைப்பது? வயலை நிரப்பினால் சோறில்லை. கரையை அடைத்தால் தோணிக்கு இடமில்லை. மிச்சம் இருந்தது வானம். வானத்தைப் பார்த்துக் கிடந்தன, வீடுகளுக்குக் கூரையாக நின்ற கொங்கிறீட் தட்டுகள்.

மாதக்கணக்கில் அவற்றை வரைபடத்தில் நீலமாகத் தீட்டினேன். வெயிலையே நான்தான் கண்டுபிடித்ததுபோல ஒரு கிறுக்கு. முதல் வீடாக நாங்கள் இருக்கும் வீட்டைக் குறித்தேன்.

மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். சொன்னேன். கை நின்றது.

"மேல தூண் கம்பி நீட்டிக்கிட்டு நிக்கிறது உங்கட கண்ணுக்குத் தெரியலியா? அது மகள்ட ஊடு."

"மகள் இப்பதானே படிக்கிறா."

"படிச்சி முடிச்சிட்டுக் கண்ணாடிக்கு மேலயா குடியிருக்கப் போறா?"

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கல்யாணம் முடித்த ஆண் தன் பெட்டியோடு அவள் வீட்டுக்குப் போவான். மகளுக்கென்று வேறு வளவு வாங்க இங்கே ஏது மண்? அதனால் மேலே ஒரு வீடு. நான் நீலம் தீட்டிய தட்டெல்லாம் யாரோ ஒரு மகளின் தரை.

உம்மாவின் வீடு தங்கச்சிக்குப் போயிருந்தது. அங்கும் போய்க் கேட்டேன். அவளுடைய கணவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்கப் போறாராம். மச்சானுக்குச் சொந்தமா ஒரு ஓடில்ல!"

"உங்களுக்கு மட்டும் இரிக்கா?"

"எனக்கும் இல்லதான். அதான் சத்தமில்லாம இரிக்கன்."

அடுத்த கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்திருந்த பொறியியலாளர், "முதலில் உங்கள் கூரைகளில் தொடங்குவோம். யார் யார் தருகிறீர்கள்?" என்று கேட்டார். கடைசியில் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"சேர், ஊடு அவங்கட பேர்ல."

"யாருடைய பேரில்?"

"பொஞ்சாதிட. இஞ்ச எல்லாருக்கும் அப்படித்தான்."

"சரி, அவர்கள் எங்கே?"

மேசையைச் சுற்றிப் பார்த்தேன். அத்தனை பேரும் ஆண்கள். இவ்வளவு நாள் கூரைகளைப் பற்றியே கதைத்தோம். கூரைக்குரிய ஒருத்தியைக் கூப்பிட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தெருவுக்குத் தெரு பெண்களை அழைத்துவரும் பொறுப்பை அங்கேயே என் தலையில் கட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம்தான் முதலில் சொன்னேன்.

"வாறன்," என்றாள் உடனே. "பக்கத்து ஊட்டு ராத்தாமாரையும் கூட்டிக்கிட்டு வாறன். எல்லாரும் சேந்து ஏலாதெண்டு சொல்லுவம்."

கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். சொன்னேன்.