பல் டாக்டர் நாற்காலியில் ஒரு கொலை

பதினான்கு நாவல்களில் முப்பத்தேழு பேரைத் தீர்த்துக்கட்டிய அந்த எழுத்தாளர், கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நின்றுகொள்வார். கணவர் பல் மருத்துவர் என்பதால் தெருவில் அவருக்கு டாக்டரம்மா என்றே பெயர். பல்லைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் தேய்க்க வேண்டும் என்பது மட்டும்தான்.

மாடி வீட்டில் எழுதுவதற்கென்றே ஒரு மேசை இருந்தது. அதன் முன் உட்கார்ந்தால் ஒரு வரிகூட ஓடாது. கீழே கணவரின் கிளினிக்கில், நோயாளிகள் சாயும் நாற்காலியில் கால்நீட்டிப் படுத்தால்தான் கற்பனை ஊறும். மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை கிளினிக்குக்கு இடைவேளை. கணவர் சாப்பிட்டுவிட்டுக் குறட்டையைத் தொடங்கியதும் டாக்டரம்மா நோட்டோடு இறங்கிவிடுவார். காதல் காட்சிக்கு நாற்காலியை நிமிர்த்தி வைப்பார், கொலைக்கு முழுசாகச் சாய்த்துவிடுவார். வசனத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பிறகுதான் பேனா நகரும்.

அவர் திரும்பத் திரும்பப் படிக்கும் புத்தகங்கள் இரண்டே. ஒன்று, பாத்திரங்களுக்குப் பெயர் பொறுக்க ஒரு பழைய டெலிபோன் டைரக்டரி. மற்றது, பிரிட்ஜோடு வந்த கையேடு.

"'குளிரவில்லையா? பிளக்கைச் சரிபார்க்கவும்.' பாருங்க, ஒரே வரியில மர்மம் தீர்ந்துபோச்சு! எனக்கு இப்படி ஒரு முடிவு வாய்க்குதா?" என்று கணவரிடம் அங்கலாய்ப்பார்.

ஒரு வியாழக்கிழமை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கடைவாய்ப் பல் வலி தாங்காமல் இரண்டரைக்கே வந்து வரவேற்பறையில் உட்கார்ந்தார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"கத்தியெல்லாம் வேணாம். ரத்தம் தெறிக்கும், அப்புறம் யார் தொடைக்கிறது?"

அதே குரல் கொஞ்சம் கட்டையாகி, "அப்ப ஊசி போட்டுடலாம். பல்லு வலின்னுதானே வருவான்? வாயைத் திறப்பான். கதை முடிஞ்சுது" என்றது.

தலைமையாசிரியருக்கு வலி போன இடம் தெரியவில்லை. ஒற்றைச் செருப்போடு தெருமுனை டீக்கடைக்கு ஓடி விஷயத்தைக் கொட்டினார். அன்று மாலை வருவதாகச் சொன்ன நாலு பேரில் ஒருத்தர்கூட கிளினிக் பக்கம் தலைகாட்டவில்லை.

மறுநாள் வலி இரட்டிப்பாகத் திரும்பியது. கன்னம் பன் மாதிரி உப்பிப்போய் வந்தவர் வாசற்படியைத் தாண்ட மறுத்தார்.

"டாக்டர், எனக்கு ஊசி மட்டும் வேணாம்."

"ஊசி போடாம எப்படி சார் பல்லைப் பிடுங்குறது?"

"உள்ள இருந்த அம்மாவும் நேத்து இதையேதான் சொன்னாங்க!"

டாக்டர் மெதுவாக, மாடிப்படியில் நின்ற மனைவி பக்கம் திரும்பினார். "ஏம்மா, நேத்து மதியம் கீழே என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

"ஒரு பில்டரைக் கொன்னுக்கிட்டிருந்தேங்க" என்றார் டாக்டரம்மா வெள்ளந்தியாக. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நிரபராதி என்று நிரூபிக்க வேறு வழியில்லை. தலைமையாசிரியரை நாற்காலியில் உட்காரவைத்து, நோட்டை எடுத்து உரக்கப் படித்தார். முதல் பக்கத்தில் முறைத்தவர் மூன்றாம் பக்கத்தில் வாயைப் பிளந்தார். டாக்டருக்கு அது போதும். ஊசி இறங்கியதும் தெரியவில்லை, பல் வெளியே வந்ததும் தெரியவில்லை.

"முடிஞ்சுது சார், எழுந்திருங்க."

"ஹொன்னது ஆரு?" என்றார் அவர், வாய் நிறையப் பஞ்சோடு.

"கொன்னது யாருன்னு கேக்குறார்" என்று டாக்டர் மொழிபெயர்த்தார். இருபது வருஷமாக அந்தப் பாஷையோடுதானே குடித்தனம்!

அது டாக்டரம்மாவுக்கே இன்னும் தெரியாது. ஆனாலும் தலைமையாசிரியர் விடவில்லை, நோட்டை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்.

மூன்றாம் நாள் மதியம் நோட்டு திரும்பி வந்தது, பக்கமெல்லாம் சிவப்பு மையோடு.

"அம்மா, உங்க பில்டர் சாகவே இல்லையே!"

"விஷ ஊசி போட்டேனே சார்?"

"போட்டீங்க. ஆனா 'பில்டர் இரந்தார்'னு எழுதியிருக்கீங்க. சின்ன ர போட்டா பிச்சை எடுத்தார்னு அர்த்தம். பன்னிரண்டாம் பக்கத்துல பிச்சை எடுத்தவரோட பொணத்தை இன்ஸ்பெக்டர் இனி அறுபது பக்கம் தேடினாலும் எப்படிக் கிடைக்கும்?"

டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார். டாக்டரம்மா முகம் சிவந்து நாற்காலியைச் சாய்த்தார், பேனாவைத் திறந்தார், சின்ன ர இருந்த இடத்தில் ஒரு பெரிய ற போட்டார். இரண்டேமுக்கால் மணிக்கு, தலைமையாசிரியர் முன்னிலையில், பில்டர் பிழையில்லாமல் இறந்தார்.