படத்தில் இருந்தவர்களுக்கு வைத்த பொட்டு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். மிஷின் மாட்ட வந்த வெள்ளைக்காரர் ஒருவர், பக்கத்தில் இருந்த சவுக்குத் தோப்பைப் படமாக வரைந்து ஆபீசில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். கிட்டே போனால் வெறும் சாயத் திட்டுதான், ஒன்றும் புரியாது; பத்தடி தள்ளி நின்றால் மரங்களும் நடுவே மூன்று பேரும் தெரிவார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. லேத்து, தராசு, டெலிபோன் என்று வரிசையாக வைத்துக்கொண்டே வந்தவன், அதே வேகத்தில் படத்தில் இருந்த மூன்று பேருக்கும், நெற்றி இருக்கும் இடம் என்று குத்துமதிப்பாக வைத்துவிட்டேன். கூட வேலை பார்த்த தணிகாசலம் பதறிவிட்டான்.

"யோவ், சாமி படத்துக்கு வெப்பாங்க, செத்தவங்க படத்துக்கு வெப்பாங்க. இவங்கள்லாம் இன்னா, செத்தா பூட்டாங்க?"

"சாயத்துக்கு இன்னாயா சாவு?" என்று நக்கலடித்துவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தேன். மூன்று பேருக்குப் பின்னால் நான்காவதாக ஒரு பெண், தலையில் மூட்டையோடு. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரைக்கும் அங்கே அப்படி ஒருத்தி கிடையாது. தணிகாசலத்தை எண்ணச் சொன்னேன், அவனும் நாலு என்றுதான் சொன்னான்.

என் மனைவி கஸ்தூரிக்கு அப்போது ஆறு மாதம். அடுப்புக்குச் சுள்ளி பொறுக்க மத்தியானத்தில் அந்தத் தோப்புக்குத்தான் போவாள். படத்தில் மூட்டையோடு நின்றது அவள்தானோ என்று பட்டது. பூஜைப் பொரி வாங்கக்கூட நிற்காமல் சைக்கிளை மிதித்தேன், அவளுக்கும் வயிற்றில் இருப்பதற்கும் ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே போனேன்.

தோப்போரம் ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. கையைப் பிடித்துத் தூக்கப் போனேன், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"உள்ள மூணு பேரு, நெத்தி நெறைய சந்தனம், வா வான்னு கூப்டாங்க மாமா. நானும் பின்னாலயே போய்க்கினு இருந்தேன். நீதான வந்து கையப் புடிச்சி இஸ்துக்கினு வந்து இங்க குந்த வெச்ச? மூட்டைய எடுத்துக்கினு வரேன்னு இப்பதான் உள்ள போன. ரோட்டுப் பக்கத்துலேர்ந்து எப்டி வர்ற?"

தோப்புக்குள் யாரோ சருகை மிதித்து வருகிற சத்தம் கேட்டது. யாரென்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

மகன் நல்லபடியாகப் பிறந்தான், அவனுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெளியே போய்விட்டு வந்தால் கஸ்தூரி இன்றைக்கும் என்னை வாசலிலேயே நிறுத்தி, கையைப் பிடித்துப் பார்ப்பாள்.

"இன்னாடி பாக்கற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அந்தக் கை இதவிட சூடா இருந்துச்சி மாமா" என்று சொல்லிவிட்டு வழி விட்டாள்.